ஊசி டப்பாவ கேம்ப்லேந்து எப்படி கொண்டு வர்றீங்க?

வணக்கம், மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல நர்ஸா இருக்கேன். கிராமத்துல சுகர் கேம்ப் முடிஞ்சதும் யூஸ் பண்ணின ஊசி, லான்செட் (ரத்தம் எடுக்க விரல்ல குத்தற சின்ன ஊசி) எல்லாத்தையும் ஷேர் ஆட்டோலதான் கிளினிக்குக்கு எடுத்துட்டு வரணும், வாய்க்கால் பாலம் ஒவ்வொண்ணா ஏறி எறங்கறப்போ டப்பா உருளுது. 2016 மருத்துவக் கழிவு ரூல்ஸ்ல வெள்ளையா, உள்ள இருக்கறது தெரியற மாதிரி, குத்தினா ஓட்டையாகாத, ஒழுகாத, பூட்டினா திரும்ப திறக்க முடியாத டப்பான்னு தெளிவா இருக்கு, ஓனர் என்னடான்னா காலி தண்ணி கேன் போதும்ங்கறார், போன வாரம் அதுல ஒரு ஊசி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நின்னுது, வயித்த கலக்கிருச்சு. முக்கால் டப்பாவுக்கு மேல ரொப்பறதில்ல, ஊசிக்கு திரும்ப மூடி போடறதுமில்ல.

டப்பாவ இன்னொரு கெட்டி பெட்டிக்குள்ள நிமித்தி வச்சு கட்டுறீங்களா? சனிக்கிழமை காலைல கேம்ப்னா கழிவு வண்டி திங்கள் மத்தியானம்தான் வருது, அதுவரைக்கும் டப்பாவ எப்படி வச்சிருக்கீங்க? அந்த டப்பா தஞ்சாவூர், கும்பகோணத்துல சர்ஜிக்கல் கடைல கெடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன், ஓனர்கிட்ட காட்டணும்.