மறுமொழி: 'சர்க்கரை குறைப்பி' ஒன்றே போதுமா?

> மூலிகைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஹைப்போகிளைசீமிக், ஆன்ட்டிஹைப்பர்கிளைசீமிக் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. இரண்டுக்கும் 'சர்க்கரை குறைப்பி' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. வேறுபாடு எலியிலேயே தெரிந்துவிடும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து சர்க்கரை எகிறும். அப்படி நீரிழிவு வரவழைத்த எலிகளுக்கும் நலமான எலிகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறார்கள். நலமான எலிக்கும் சர்க்கரை இறங்கினால் முதல் வகை. ஏறிய சர்க்கரையை மட்டும் தணித்து, இயல்பான சர்க்கரையைத் தொடாமல் விட்டால் இரண்டாவது.

மாத்திரைகளிலும் இதே கதைதான். கிளிபென்கிளமைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியா என்று பார்க்காது. அதைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பவருக்கு வியர்த்து, கை நடுங்குவது அதனால்தான். மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கும். வேறு சர்க்கரை மருந்து சேர்க்காமல் அதை மட்டும் சாப்பிடும்போது அது இப்படிப் படுத்துவது அரிது. (அதன் பூர்வீகமும் ஒரு செடிதான், ஐரோப்பாவின் கலேகா.) இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

என் பரிந்துரை: இரத்தச் சர்க்கரை குறைந்த, கூடிய நிலைகளுக்குத் 'தாழ்சர்க்கரை', 'மிகுசர்க்கரை'. இரண்டும் வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது. மருந்துகளில் முதல் வகைக்குச் 'சர்க்கரை இறக்கி', இரண்டாவதற்கு 'மிகுசர்க்கரை தணிப்பி'. சித்த மருத்துவக் குணபாடத்தில் (மருந்துப் பொருள்களின் குணங்களைச் சொல்லும் பிரிவு) வெப்பகற்றி, கோழையகற்றி, சிறுநீர்பெருக்கி என்று செய்கைப் பெயர்கள் இருக்கின்றனவே, அதே அச்சு.

> 'சர்க்கரைக்கொல்லி' என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

அது சிறுகுறிஞ்சானின் பெயர் அம்மா. இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். ஜிம்னீமிக் அமிலம் நாக்கின் இனிப்புணர்வைச் சற்று நேரம் மறைத்துவிடுகிறது. அந்தக் கொலை நாக்கில் நடப்பது. இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பது தனிக் கேள்வி.

> 'இறக்கி' கொஞ்சம் கொச்சையாக இல்லையா?

"சுகர் இறங்கிப் போச்சு" என்றுதானே மயங்கி விழுந்தவர் வீட்டில் சொல்கிறார்கள். ஆபத்தும் சேர்ந்தே காதில் விழுகிற சொல். எனக்கு அதற்காகவே பிடித்திருக்கிறது.

அப்புறம், குறிப்பில் 'மூலிகைச் சாறு' என்று இருக்கிறது. பிழிந்தால்தான் சாறு, கொதிக்கவைத்து வற்றவைத்தால் குடிநீர். காய்ந்த இலைத்தூளை எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்கியபின் மிஞ்சும் பிசினுக்கு இரண்டுமே பொருந்தாது. 'ஊறல்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். நல்ல சொல்தான், ஆனால் மலையடிவாரத்தில் போலீசார் கொட்டி அழித்ததாகச் செய்தியில் வருவதும் ஊறல்தான்! இப்போதைக்கு 'எத்தனால் சாரம்', 'நீர்ச் சாரம்' என்று போட்டுவையுங்கள். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.