தொலைபேசி ஓயாத நாளில் முக்கியமான வேலையை முடிப்பது எப்படி?

கறித்தூள்காரி, வெள்ளவத்தை:

வணக்கம். கறித்தூள், மிளகாய்த்தூள், அரிசிமா ஆகியவற்றை அரைத்துப் பொதிசெய்து கடைகளுக்கு விநியோகிக்கும் சிறு தொழிலொன்றை நடத்துகிறேன். உதவிக்கு மூன்று பெண்கள் இருந்தாலும் கொள்முதல், விலை பேசுதல், வசூல், கணக்கு எல்லாம் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. காலையில் புறக்கோட்டைக்குச் சென்று செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கித் திரும்புவதற்குள் வட்ஸ்அப்பில் ஓடர்கள் குவிந்துவிடும். அவற்றுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் பொதி கிழிந்திருப்பதாக ஒரு கடைக்காரர் அழைப்பார். சுப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு விலைமனு கொடுப்பதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் அடக்கவிலை கணக்கிட வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு மணித்தியாலமாவது தொடர்ந்து உட்கார வேண்டும், அதுதான் வாய்ப்பதில்லை. வேலைகளைப் பட்டியலிடும் வழக்கம் எனக்கு ஏற்கெனவே உண்டு, ஆகையால் தயவுசெய்து பட்டியலிடச் சொல்லாதீர்கள். எதை முதலில் எடுப்பது, எடுத்ததை இடையில் விடாமல் முடிப்பது எப்படி என்பதே என் கேள்வி.

துணிக்கடைக்காரர், புறக்கோட்டை:

தங்கச்சி, செய்யாமல் விட்டால் யாராவது அழைத்துக் கேட்கும் வேலை, ஒருவருமே கேட்காத வேலை என்று உங்கள் வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஓடரும் புகாரும் முதல் வகை. அவை எப்படியும் உங்களைத் தேடி வரும். அடக்கவிலைக் கணக்கு இரண்டாம் வகை என்பதால்தான் அது நாள்தோறும் பின்தள்ளப்படுகிறது. அந்த வேலைக்கும் கேட்பவர் ஒருவரை நீங்களே ஏற்படுத்திவிடுங்கள். அந்த சுப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் அலுவலரிடம் வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டால், புதன்கிழமைக்குள் கணக்கு முடிந்தே ஆக வேண்டும்.

சட்டம் தவணை விதித்திருக்கும் கடமைகளை இவற்றோடு கலக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு, சம்பளத்தில் ஊழியரின் பங்கான 8 சதவீதமும் உங்கள் பங்கான 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் அறவிடப்படும். நான் சம்பளம் கொடுக்கும் நாளிலேயே இவற்றையும் செலுத்திவிடுவதால், மாதத்தின் மற்ற நாட்களில் அந்த நினைப்பே எனக்கு இருப்பதில்லை.

மென்பொருள் தொழில்முனைவர், கொள்ளுப்பிட்டி:

முன்னவர் சொன்னது எதை முதலில் எடுப்பது என்பதற்கான விடை. எடுத்ததை முடிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதால் புதிய வேலையின் தரம் குறைகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பின்னர் இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து அவர் ஓர் எளிய வழியையும் சோதித்தார்: குறுக்கீடு வந்தவுடன், எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்து முதலில் எதைச் செய்வோம் என்பதை ஓரிரு வரிகளில் குறித்துவிட்டு எழுந்தவர்கள், அடுத்த வேலையில் கூடுதலான கவனத்துடன் ஈடுபட்டார்கள். உங்கள் கணக்குத் தாளின் ஓரத்தில் 'மல்லி முடிந்தது, அடுத்தது பொதியுறைச் செலவு' என்று எழுதிவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். இரண்டு மணித்தியாலம் ஒரே மூச்சில் கிடைக்காவிட்டாலும், அரை மணித்தியாலத் துண்டுகளாகவே அந்தக் கணக்கை முடித்துவிடலாம்.

விநியோகஸ்தர், கொட்டாஞ்சேனை:

இவையெல்லாம் நல்ல யோசனைகள்தாம், ஆனால் சரக்கு தீர்ந்த கடைக்காரர் எவர் முதலில் பதில் சொல்கிறாரோ அவரிடமே வாங்குவார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே தொலைபேசியை அணைத்து வைக்க வேண்டாம், கைமாற்றி வையுங்கள். ஓடர்களுக்கென்று தனி இலக்கமொன்றை எடுத்து, விலைப்பட்டியலுடன் அந்த மூவரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கிழிந்த பொதிக்கு மாற்றுப் பொதி அனுப்புவதற்கு உங்களைக் கேட்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுங்கள். எல்லா முடிவையும் முதலாளியே எடுத்தாக வேண்டிய தொழிலில் எந்த நேர அட்டவணையும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்காது.

கறித்தூள்காரி:

அனைவருக்கும் நன்றி. கொள்முதல் அலுவலரிடம் நாளைக்கே நேரம் கேட்கிறேன். இலக்கத்தைக் கைமாற்றுவதில்தான் ஒரு தயக்கம் இருக்கிறது: பாதிக் கடைகள் கடனுக்கு வாங்குபவை. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்தப் பிள்ளை எப்படி முடிவு செய்வாள்?

விநியோகஸ்தர், கொட்டாஞ்சேனை:

அவர் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கடைக்கும் கடன் எல்லையொன்றைக் குறித்து விலைப்பட்டியலின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். அந்த எல்லையைத் தாண்டும் ஓடர்களை மட்டும் அவர் ஒதுக்கி வைக்கட்டும். மாலையில் நீங்கள் அவற்றை மொத்தமாகப் பார்த்துப் பதில் சொல்லலாம். காசோலை திரும்பிய கடைக்கு, எல்லைக்கு உட்பட்டிருந்தாலும் காசு வந்த பிறகே சரக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.