தாச்சிங்கில் "ஒரு குடிசை கூட இல்லை"யாம்!

பழைய ரிக்காரன்:
சீனாவின் எண்ணெய் நகரமான தாச்சிங் பற்றிப் பக்கத்து இழையில் எண்ணெய்ச்செக்கு அண்ணன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "1959-க்கு முன்னால் தாச்சிங்கில் ஒரு குடிசை கூட இல்லை, வெறும் புல். கட்சி கைகாட்டியது, நகரம் முளைத்தது." இதற்குக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை ஐயா. வடகிழக்குச் சீனாவில் ஹார்பினிலிருந்து ரஷ்ய எல்லையில் இருக்கும் மஞ்சூலி போகும் ரயில் பாதையை ரஷ்யாக்காரன் போட்டான், 1903-இல் முழுப் பாதையிலும் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் சார்தூ என்று ஒரு ஸ்டேஷன். இன்றைக்கு தாச்சிங் என்று பலகை மாட்டியிருப்பது அந்த ஸ்டேஷனில்தான். 1960-இல் எண்ணெய் எடுக்க வந்த கூட்டம் எங்கே இறங்கியதாம், மேகத்திலிருந்தா?

எண்ணெய்ச்செக்கு:
வந்துவிட்டார் ஐயா. அஜர்பைஜானின் பாகு நகரம் பற்றிய இழையில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போல. நான் சொன்னது நகரம். ஒரு பிளாட்பாரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் அது நகரமா? 1959 செப்டம்பர் 26, சோங்ஜி 3-ஆம் கிணற்றில் எண்ணெய் வந்தது. அக்டோபர் 1 மக்கள் குடியரசின் பத்தாம் ஆண்டு விழா, அதனால்தான் "பெரும் கொண்டாட்டம்" என்று பெயரே வைத்தார்கள். அடுத்த வருஷம் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சுமார் 30,000 பேரைக் கொண்டுவந்து இறக்கி, 1976-இல் ஆண்டுக்கு 5 கோடி டன்னைத் தொட்டு, அதை 2002 வரை 27 வருஷம் கீழே விடாமல் பிடித்திருந்தார்கள். உலகத்தில் இதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உங்களுக்கு ஸ்டேஷன் முக்கியம்.

பழைய ரிக்காரன்:
டன் கணக்கை நான் கேட்டேனா? "குடிசை கூட இல்லை" என்று எழுதினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே படுத்தார்? ஜப்பான்காரன் அந்தப் பக்கமான மஞ்சூரியாவைப் பிடித்து எண்ணெய் தேடித் தேடி ஓய்ந்தான், அவன் கையில் அந்தப் பாதை 1935-லிருந்து 1945 வரை இருந்தது, அந்த எண்ணெய்க்கு மேலேயே அவனுடைய வண்டி பத்து வருஷம் ஓடியது. ஆள் இல்லாத இடத்திலா ஓடியது?

சுண்டல்:
ஒரு சின்ன சந்தேகம். நகரம் என்றால் என்ன என்று முதலில் பேசிவிடலாமா? மக்கள்தொகையா, அரசு அறிவிப்பா, கட்டடமா?

எண்ணெய்ச்செக்கு:
ரயில் ஓடினால் கீழே ஊர் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாலைவனத்திலும்தான் ரயில் ஓடுகிறது.

வாயாடி நிலா:
நான் வேலை விஷயமாக இரண்டு வாரம் அங்கே இருந்திருக்கிறேன், வோல்வோ தொழிற்சாலை இருக்கிறதே, அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி சார்பில். அடுக்குமாடி வாசலில் குழந்தைகள் சறுக்குமரம், அதற்குப் பத்தடி தள்ளிக் கம்பி வேலி, வேலிக்குள் எண்ணெய் பம்பு ஒன்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அதை அவர்கள் "விழுந்து கும்பிடும் மிஷின்" என்று சொல்கிறார்கள். ராத்திரி மைனஸ் 27. ஜன்னலுக்குள் பனிப்பூ, வெளியே அது பாட்டுக்குக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, சார்தூவிலிருந்து அதே ஊரின் இன்னொரு பகுதியான ராங்ஹூலூ போனால் நடுவில் நாணலும் ஏரியும் மறுபடி பம்பும்தான் வருகிறது, ஊர் எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஒரே ஊராகக் கட்டாமல் கிணற்றை ஒட்டிச் சின்னச் சின்ன குடியிருப்பாகத்தான் போட்டார்கள். ஆண்கள் எண்ணெய், பெண்கள் வயல். 1962-இல் ஐந்து பெண்கள் ஐந்து மண்வெட்டியோடு போய் நிலம் திருத்தியதை அங்கே இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெண்களைப் பற்றி இந்த இழையில் யாருக்கும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை, சரி விடுங்கள்.

பழைய ரிக்காரன்:
நன்றி தங்கச்சி. ஸ்டேஷனைப் பார்த்தீர்களா?

வாயாடி நிலா:
பார்த்தேன். ஸ்டேஷன் மாதிரி இருந்தது.

தமிழ்ப்பித்தன்:
எல்லாரும் தாச்சிங் தாச்சிங் என்று எழுதுகிறீர்கள். ஆங்கிலத்தில் "டி" போட்டுத்தானே எழுதுகிறார்கள்? டாகிங் என்பதுதான் சரி.

எண்ணெய்ச்செக்கு:
அந்த "க்யூ" சீனத்தில் "ச்சி". டாகிங் என்று எங்கேயும் போய்ச் சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார்கள். மேலும் டகரம் தமிழில் மொழிமுதல் வராது.

தமிழ்ப்பித்தன்:
டாக்டர், டிக்கெட் எல்லாம் வருகிறதே. சீனாவுக்கு மட்டும் நன்னூலா?

பழைய ரிக்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம். 1960 ஜூன் 1-ஆம் தேதி முதல் கச்சா எண்ணெய் ரயில் புறப்பட்டது. எங்கிருந்து? சார்தூவிலிருந்து. குழாய் போட்டு சின்ஹுவாங்தா துறைமுகத்துக்கு அனுப்பியதெல்லாம் எழுபதுகளில்தான். அதுவும் லேசான வேலை இல்லை, அந்த எண்ணெயில் மெழுகு அதிகம், குளிர்ந்தால் குழாய்க்குள்ளேயே நெய் மாதிரி இறுகிவிடும், சூடு பண்ணிக்கொண்டே அனுப்ப வேண்டும். அதுவரை தாங்கியது எது? ஸ்டேஷன்.

எண்ணெய்ச்செக்கு:
தாங்கியது மனிதர்கள். வாங் ஜின்சி என்று ஒரு மனிதர், கான்சு மாகாணம் யூமென் எண்ணெய் வயலிலிருந்து 1205-ஆம் துளைக்குழுவோடு வந்தார். உங்கள் ஸ்டேஷனில் கிரேன் கிடையாது. 60 டன்னுக்கு மேல் உள்ள ரிக்கை, அதாவது கிணறு துளைக்கும் இயந்திரத்தை, கயிறு கட்டி, தோள் கொடுத்து இழுத்தார்கள். துளைக்கத் தண்ணீர் இல்லை, குளத்து ஐஸை உடைத்து வாளியிலும் வாஷ்பேசினிலும் 50 டன் தூக்கினார்கள். அப்புறம் கிணறு பொங்கியபோது சகதிக் குழிக்குள் குதித்துக் காலும் கையுமாகக் கலக்கினார், அதுவும் அடிபட்ட காலோடு. 1964-இல் "தொழிலில் தாச்சிங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று நாடு முழுக்க மாவோ சொன்னது சும்மாவா?

சுண்டல்:
அந்தக் குழி விஷயம் நம்புகிற மாதிரியா இருக்கிறது? படத்துக்காகச் செய்ததாக இருக்கும்.

பழைய ரிக்காரன்:
இதில் நான் செக்கு பக்கம். தம்பி, நான் 19 வருஷம் ரிக்கில் இருந்தவன். கிணறு பொங்கினால், அதை அமுக்க உள்ளே விடும் சேற்றுக் கலவையின் எடையைக் கூட்ட வேண்டும். கூட்ட பாரைட் என்ற கனமான தாதுப்பொடி வேண்டும். அங்கே பாரைட் இல்லை, சிமென்ட்தான் இருந்தது. கொட்டினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கலக்கும் மிஷினும் இல்லை. அப்புறம் என்ன செய்வது, வேடிக்கை பார்ப்பதா? அந்தக் கலவை தோலை அரித்துவிடும். நான் முழங்கை வரை விட்டே ஒரு வாரம் சோற்றைக் கையால் பிசைய முடியவில்லை. அவர் இடுப்பு வரை நின்றார். 1970-இல் 47 வயதில் வயிற்றுப் புற்றுநோயில் போய்விட்டார்.

எண்ணெய்ச்செக்கு:
ஆக, நான் சொன்னது சரி.

பழைய ரிக்காரன்:
குழி சரி. குடிசை தப்பு.

வாயாடி நிலா:
வாங் ஜின்சியின் பட்டப்பெயரில் இரும்பு மனிதர் சதுக்கம் இருக்கிறதே, 2002 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் யார்? மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வேலையிலிருந்து கழற்றிவிடப்பட்ட எண்ணெய்த் தொழிலாளர்கள். 2000-இல் எண்ணெய்க் கம்பெனியை ஹாங்காங்கிலும் நியூயார்க்கிலும் பங்குச் சந்தையில் இறக்கினார்கள், அதற்கு முன்னும் பின்னும் ஆட்குறைப்பு. ஓய்வூதியத்துக்கு நீங்களே கட்டுங்கள், குளிர்கால வெப்பத்துக்கு மானியம் கிடையாது என்றால் மைனஸ் முப்பதில் என்ன செய்வார்கள்? முளைத்த நகரத்தில் இதுவும் முளைத்தது, அண்ணா.

எண்ணெய்ச்செக்கு:
இது வேறு தலைப்பு. எந்த நாட்டில் ஆட்குறைப்பு இல்லை? உங்கள் வோல்வோவில் இல்லையா?

வாயாடி நிலா:
என் வோல்வோ இல்லை. எனக்கு ஸ்கூட்டிதான்.

பழைய ரிக்காரன்:
இருங்கள், ஊர் பற்றி நான் முடிக்கவில்லை. 1960-இல் குளிருக்கு முன்னால் மண்ணை இடித்துச் சுவர் எழுப்பி வீடு கட்டினார்களே, அந்த வித்தையை யாரிடம் கற்றார்கள்? அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் தலைமுறையாகக் கட்டிய வீடு அது. சார்தூ என்ற பெயரே மங்கோலியம், நிலா சம்பந்தப்பட்டது என்பார்கள். புல்லுக்குப் புல்லா பெயர் வைத்தது? இதோ கடைசி ஆணி. "இரும்பு மனிதர்" என்ற பட்டத்தை வாங்குக்கு முதலில் கொடுத்தது யார் தெரியுமா? கட்சி இல்லை. அவருடைய குழு தங்கியிருந்த வீட்டுக்காரக் கிழவி. வேளைக்குச் சாப்பிட வராமல் ரிக்கிலேயே கிடக்கிறாரே, உங்கள் தலைவர் இரும்பால் ஆனவரா என்று கேட்டாள். வீட்டுக்காரக் கிழவி, ஐயா. வீடு!

எண்ணெய்ச்செக்கு:
ஒரு கிழவி வீடு இருந்தால் அது நகரமா?

பழைய ரிக்காரன்:
உங்கள் கணக்குப்படி பார்த்தால் 1959-லும் நகரம் இல்லை. வெளியாருக்குத் தெரியாமல் மறைத்து வைத்து, பக்கத்து ஊரான ஆண்டாவின் பெயரில்தான் நிர்வாகம் ஓடியது. தாச்சிங் நகரம் என்று தாளில் வந்ததே 1979-இல். அப்போது "முளைத்தது" எங்கே போயிற்று?

எண்ணெய்ச்செக்கு:
1979-இல் பெயர்தான் மாறியது. பிள்ளைக்குப் பெயர் வைக்க இருபது வருஷம் ஆனால் பிள்ளை பிறக்கவில்லை என்று அர்த்தமா? பாகு இழையிலும் இப்படித்தான், ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினீர்கள்.

பழைய ரிக்காரன்:
அந்தத் தேதி சரி.

சுண்டல்:
நகரம் என்றால் என்ன என்று நான் கேட்டது...

எண்ணெய்ச்செக்கு:
ஒரு கிழவி, ஒரு ஸ்டேஷன். நான் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன், ஒரு எழுத்து அழிக்க மாட்டேன்.

பழைய ரிக்காரன்:
குடிசை. நீங்கள் எழுதியது குடிசை. கிழவி எங்கே இருந்தாள்?

தமிழ்ப்பித்தன்:
டாச்சிங் என்றாவது எழுதலாமே.