அம்மாவின் விரல் நுனிக்கு என்ன வழி?

அம்மாவுக்கு 74 வயது. கண்ணை மூடிக்கொண்டே மல்லிகைச் சரம் தொடுத்தவர். இப்போது நார் விரலில் நிற்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை என்கிறார். ஒரு முழம் கட்டுவதற்குள் பாதிப் பூ மடியில் உதிர்ந்து கிடக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, போன வாரம் கொதித்த பால் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துவிட்டு, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கவனித்தார்.

சர்க்கரை இல்லை, பி12 அளவும் சரி. மெல்லிய தொடுதலை உணரும் மைஸ்னர் நுண்ணுறுப்புகள் வயதாக ஆக விரல் நுனியில் குறைந்துபோகும் என்றார் மருத்துவர். பூக்கட்டுவதை விடச் சொன்னதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை (எனக்கும்தான்).

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வாழைநாருக்குப் பதில் தடித்த நூல் கைகொடுக்குமா? விரல் பயிற்சி யாருக்காவது பலன் தந்ததா? அடுப்படிச் சூட்டுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? கையுறை என்றால் அம்மா தொடவே மாட்டார்.