நெஸ்டெட் கிளாஸ்: ‘உள்ளுறை வகுப்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலில் தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்து வரையறுக்கும் அச்சு கிளாஸ், தமிழில் வகுப்பு. அதற்குள் எழுதப்படும் இன்னொரு வகுப்புதான் நெஸ்டெட் கிளாஸ். அதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: பின்னல் வகுப்பு, கூட்டு வகுப்பு, உள்வகுப்பு. ஒரு வகுப்பு இன்னொன்றுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே மூன்றும் சொல்கின்றன. நிரல் எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் பிரைவேட் தரவை, அதாவது பிறருக்குப் பூட்டிய தரவை, தொடலாமா? வெளியே இருப்பது உள்ளே இருப்பதன் தரவைத் தொடலாமா? விடை நிரல்மொழிக்கு நிரல்மொழி மாறுகிறது. இந்த உறவைப் பற்றிப் பேச வசதியான சொல்தான் நமக்கு வேண்டும்.

(பிரைவேட் மெம்பரைத் ‘தனி உறுப்பு’ என்றே எழுதுகிறேன். ‘அந்தரங்க’ வேண்டாம். ‘தனியுரிமை’ மனிதர்களுக்கானது, அதையும் இங்கே இழுக்க வேண்டாம்.)

ஜாவாவில் இந்த வசதி 1997இல் வந்த 1.1 பதிப்பில் சேர்ந்தது. அங்கே இரண்டு பக்கமும் தடுப்பு கிடையாது. உள்ளே இருப்பது வெளி வகுப்பின் தனி உறுப்புகளை எடுக்கலாம், வெளி வகுப்பும் உள்ளே இருப்பவற்றை எடுக்கலாம். சி++இல் 1998 தரப்படி உள்ளே எழுதிய வகுப்புக்கு எந்தச் சலுகையும் இல்லை. 2011 தரம்தான், அதுவும் ஓர் உறுப்பு, மற்ற உறுப்புகளுக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு என்று திட்டவட்டமாகச் சொன்னது. ஆனால் வெளி வகுப்புக்கு உள்ளே அனுமதி இல்லை. சி ஷார்ப், காட்லின் இரண்டிலும் அதே ஒருவழிப் பாதைதான்.

பைத்தானில் கதையே வேறு. அங்கே உண்மையான தடுப்பு இல்லை. வகுப்புக்குள் இரண்டு அடிக்கோட்டில் தொடங்கும் பெயரைப் பைத்தான் வேறு பெயராக மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் யாரும் சோதித்துப் பார்க்கலாம். ‘கணக்கு’ என்ற வகுப்பில் __இருப்பு என்று ஒரு மாறி வைத்தால், உண்மையில் அது _கணக்கு__இருப்பு என்ற பெயரில் சேமிக்கப்படும். அந்தக் கணக்குக்குள்ளேயே ‘பதிவேடு’ என்று ஒரு வகுப்பை எழுதி, அதன் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றில் கணக்குப் பொருளின், அதாவது அந்த வகுப்பிலிருந்து உருவாக்கிய ஆப்ஜெக்ட்டின், __இருப்பைக் கேட்டுப் பாருங்கள். பைத்தான் தேடுவது _பதிவேடு__இருப்பு. அப்படி ஒன்று இல்லை, பிழை வரும். பெயரை மாற்றும்போது மிக நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும் வகுப்பின் பெயரைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. ஜாவாவில் பழகிவிட்டுப் பைத்தானுக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது.

இனி சொற்களுக்கு வருவோம். ‘பின்னல்’ என்று முன்மொழிந்த ஐயா மன்னிக்க வேண்டும். பின்னலில் மூன்று கால்களும் சமம், ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதில்லை. இங்கே ஒன்று தெளிவாக வெளியே, மற்றது தெளிவாக உள்ளே. ‘கூடு’ நல்ல சொல்தான், நெஸ்ட் என்பதற்கு நேராகவும் வருகிறது. ஆனால் வகுப்போடு சேர்த்ததும் ஒற்று இரட்டித்துக் கூட்டு வகுப்பு ஆகிவிடுகிறது. கூட்டுக் குடும்பம், கூட்டுறவு என்று பழகிய காதுக்குப் பல வகுப்புகள் சேர்ந்த ஒன்று என்றுதான் படும். ஒரு வகுப்பின் பொருளை இன்னொன்றின் பாகமாக வைக்கும் கம்போசிஷன் பற்றி எழுதும்போது அந்தச் சொல் நமக்கு வேண்டியும் இருக்கும். ‘உள்வகுப்பு’ மீது எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஜாவாவில் எல்லா நெஸ்டெட் வகுப்பும் இன்னர் அல்ல, ஸ்டாட்டிக் என்று குறிக்காதவை மட்டுமே இன்னர். உள்வகுப்பு என்றால் எல்லாரும் இன்னர் என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை ‘உள்ளுறை வகுப்பு’. உள்ளே உறையும் வகுப்பு. வெளியே இருப்பது ‘சூழ் வகுப்பு’. உறை என்றால் மேலுறை, உறைந்துபோதல் என்ற பொருள்களும் வருமே என்று கேட்கலாம். வரும்தான். ஆனால் ‘உள்’ளோடு சேர்ந்து நிற்கும்போது நமக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை. உள்ளுறை உவமம் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். பழைய புத்தகங்களின் பொருளடக்கப் பக்கத்திலும் ‘உள்ளுறை’ என்று போட்டிருப்பார்கள். பள்ளிப் பாடநூலைப் பின்பற்றி ‘இனக்குழு’ என்று எழுதுகிறவர்களுக்கும் உள்ளுறை இனக்குழு என்று தடையில்லாமல் வரும்.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதிலிருந்து அடுத்த சொல் தானாகக் கிடைக்கிறது. ஜாவா மொழிக்குத் தெரிந்த இந்த உறவு, நிரலை ஓட்டும் ஜாவா மெய்நிகர் எந்திரத்துக்கு வெகுகாலம் தெரியாது. அதன் கண்ணுக்குச் சூழ் வகுப்பும் உள்ளுறை வகுப்பும் தொடர்பில்லாத இரண்டு வகுப்புகள். அதனால் மூலநிரலை எந்திரத்துக்கு ஏற்ற வடிவமாக மாற்றும் கம்பைலர், சூழ் வகுப்பில் ‘ஆக்சஸ்’ என்று தொடங்கும் பெயரில் இடைவழிச் செயற்கூறுகளைச் சத்தமில்லாமல் எழுதிச் சேர்த்தது. அவை பிரைவேட் இல்லை, அந்தப் பேக்கேஜ் (வகுப்புகளின் தொகுப்பு) முழுவதற்கும் திறந்தவை. மூலநிரலில் பூட்டிய தரவுக்குக் கம்பைல் ஆன கோப்பில் பக்கவாட்டுக் கதவு. ஜாவாவோடு வரும் பட்டியல் வகுப்பான அரேலிஸ்ட்டின் மூலநிரலைத் திறந்து பாருங்கள். தரவு முழுவதையும் வைத்திருக்கும் எலிமெண்ட்டேட்டா என்ற அணிக்குப் பிரைவேட் போட்டிருக்காது. உள்ளுறை வகுப்புகள் எளிதாக அணுகுவதற்காக அப்படி விட்டோம் என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். மொழி விதிப்படி அதற்குத் தேவையே இல்லை, பிரைவேட் போட்டிருந்தாலும் அணுகலாம். அந்த இடைவழிகளைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 இதைத் தீர்த்தது. எந்தெந்த வகுப்புகள் ஒரே கூட்டைச் சேர்ந்தவை என்பது இப்போது கம்பைல் ஆன கோப்பிலேயே பதிவாகிறது, மெய்நிகர் எந்திரமே அதைப் பார்த்து அனுமதிக்கிறது. இடைவழிக்கு வேலை இல்லை. இப்படி ஒரே கூட்டில் இருப்பவற்றை அவர்கள் நெஸ்ட்மேட் என்கிறார்கள். நமக்கு ‘உடனுறை வகுப்புகள்’. உண்ணாமுலையம்மன் உடனுறை அண்ணாமலையார் என்று கோயில் பலகையில் படித்தவர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ‘உடனுறை வகுப்புகள் ஒன்றின் தனி உறுப்பை மற்றொன்று அணுகலாம்’ என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பறையில் அப்படியே பேசலாம்.

நெஸ்டெட், இன்னர் பிரிவுக்கும் ஒரு வழி சொல்கிறேன். இன்னர் வகுப்பின் ஒவ்வொரு பொருளும் ஒரு சூழ் பொருளைச் சார்ந்தே பிறக்கிறது. அதனால் அது ‘பொருள்சார் உள்ளுறை வகுப்பு’, அப்படிச் சாராத ஸ்டாட்டிக் வகுப்பு ‘பொருள்சாரா உள்ளுறை வகுப்பு’. சற்று நீளம்தான். ஆனால் தரவுப் பாதுகாப்பு என்று வரும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பொருள்சார் வகுப்பின் பொருளை வெளியே கொடுத்தால், அது சூழ் பொருளையும் பிடித்துக்கொண்டு போகலாம். அதைச் சீரியலைஸ் செய்து, அதாவது சேமிக்கத்தக்க பைட் வரிசையாக்கி, கோப்பில் எழுதினால், சூழ் வகுப்பும் சீரியலைஸ் செய்யக்கூடியதாக இருக்கும்போது சூழ் பொருளின் தரவும் கூடவே கோப்புக்குள் போகும். இருப்பைக் காட்டாமல் ஒரு பரிவர்த்தனையை மட்டும் அனுப்ப நினைத்தவர் கணக்கு முழுவதையும் அனுப்பிவிடக்கூடும். உள்ளுறை வகுப்பு எழுதும்போது சூழ் பொருள் தேவைப்படாவிட்டால் ஸ்டாட்டிக் போட்டுவிடுங்கள்.

பெயர் வைக்காமலே எழுதும் அனானிமஸ் கிளாஸுக்குப் ‘பெயரிலி வகுப்பு’ ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். லோக்கல் கிளாஸுக்கு ‘உள்ளூர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை நான் ஏற்கவில்லை. ஒரு செயற்கூறுக்குள் மட்டும் வாழும் வகுப்பு அது. இடஞ்சார் மாறி என்று சிலர் எழுதுவதையொட்டி ‘இடஞ்சார் வகுப்பு’ எனலாம். ‘பொருள்சார்’ பக்கத்திலேயே ‘இடஞ்சார்’ வருவது நெருடுகிறதா என்று சி++ பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.