2 ஜிபி போனில் ஓடும், காசு கட்டத் தேவையில்லாத போக்கர் ஆப் எது?

இடம் வேலூர், சத்துவாச்சாரி. பணம் கட்டி ஆடும் தளம் கேட்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் அதைத் தடை செய்தாயிற்று. டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையைப் பழக, சும்மா சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான பந்தய வில்லைகள்) வைத்து ஆடும் ஆப்தான் வேண்டும்.

இப்போதுள்ள ஆப்பில் (பெயர் வேண்டாமே) போன மாத அப்டேட்டுக்குப் பிறகு ஒரே தொல்லை. நான்காவது பொதுச் சீட்டு விழுந்ததும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி இணைவதற்குள் என் சீட்டை அதுவே ஃபோல்ட் செய்து, அந்த ஆட்டத்திலிருந்து என்னை விலக்கிவிடுகிறது.

போன் ரெட்மி 9ஏ, 2 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 10. ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தேன், ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றினேன், பேட்டரி சேவரை அணைத்தேன். நெட்தான் காரணமோ என்று காட்பாடியில் நண்பன் வீட்டு வைஃபையிலும் பார்த்தாயிற்று. அதே கதை. ஆனால் அவனுடைய 6 ஜிபி போனில் அதே ஆப் ஜோராக ஓடுகிறது, அதே வைஃபையில்!

அப்புறம் வேறு சில ஆப்களும் இறக்கினேன். ஓடுகின்றன, ஆனால் கம்ப்யூட்டர் ஆட்கள் ஆர்ட்டின் ஏழு, கிளாவர் இரண்டு என்ற உதவாத சீட்டுகளை வைத்துக்கொண்டு கடைசிவரை கால் செய்கிறார்கள், அதாவது எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டுகிறார்கள். இதில் என்னத்தைப் பழகுவது? முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கவும் வழியில்லை. சிப்ஸ் வாங்கச் சொல்லும் விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது. லேப்டாப்பில் போக்கர்டிஹெச் (PokerTH) என்ற இலவச போக்கர் மென்பொருள் நன்றாகவே இருந்தது, ஆனால் லேப்டாப் இப்போது தங்கையின் படிப்புக்குப் போய்விட்டது.

2 ஜிபி போனில் நெட் இல்லாமல் ஓடி, ஆடிய ஆட்டங்களைச் சேமித்தும் வைக்கும் ஹோல்டெம் ஆப் எதையாவது நீங்களே பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா?