ஒரே துண்டுக்கு இரண்டு கடினம் வருகிறது, அவசரம்

ஒலுவில் மாணவன்:
கடினம் அளக்கும் விக்கர்ஸ் இயந்திரத்தில் (வைரமுனையை அழுத்தி, பதியும் குழியை அளப்பது) அதே உலோகத் துண்டு ஒரு தடவை 88 காட்டுகிறது, மறு தடவை 52. மூன்று நாளாக இதே பாடு. இயந்திரம் பழுதா? வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

கல்லடி வாசி:
என்ன உலோகம் தம்பி? என்ன சுமை? எப்படித் தேய்த்தீர்கள்?

களுவாஞ்சிக்குடி லேத்:
வைரமுனை உடைந்திருக்கும். வேறு காரணமே இல்லை.

பழைய ஆய்வாளர்:
கேள்வி கேட்கவும் பழக வேண்டும். முனை ஒரு பிரமிட்டு, எதிர் முகங்களுக்கு இடையே 136 பாகை. எவ்வளவு ஆழம் இறங்கினாலும் குழியின் வடிவம் ஒன்றே. ஆகவே சுமை மாறினாலும் கடினம் மாறக்கூடாது. முதலாம் ஆண்டுப் பாடத்தைத் திரும்பப் படியுங்கள்.

ஒலுவில் மாணவன்:
மன்னிக்கவும். சூடாக்கி ஆறவிட்ட செம்பு, 2 மி.மீ. தடிப்பு. 10 கிராம் சுமையில் 88, 1 கிலோவில் 52. எமரித் தாள் 1200 வரை, பிறகு அலுமினாப் பொடி.

அக்கரைப்பற்று ஆசிரியை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! 10 கிராமில் உங்கள் குழியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.5 மைக்ரோமீட்டர்தான். ஆழம் அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 2 மைக்ரோமீட்டர். எமரித் தாள் இழுத்து இறுக்கிய மேல்தோலுக்குள்ளேயே முனை நின்றுவிடுகிறது. 1 கிலோவில் அது 27 மைக்ரோமீட்டர் இறங்கித் தோலைக் கடந்துவிடும். மூலைவிட்டத்தை 1 மைக்ரோமீட்டர் குறைத்து வாசித்தாலே 88 என்பது 102 ஆகும், கவனம்.

பழைய ஆய்வாளருக்கு ஒரு மறுப்பு. வடிவம் ஒன்றேதான், ஆனால் உலோகம் அப்படியில்லை. குழி சிறிதாகும்போது அதே சாய்வுக்குக் குறுகிய தூரத்தில் வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவைத் தாங்கப் படிகத்துக்குள் பிறழ்வுகள் (அணுவரிசை பிசகிய கோடுகள்) நெருக்கமாகச் சேர்கின்றன, கடினம் ஏறுகிறது. நிக்ஸ், காவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் இதைக் கணக்காக்கினார்கள்: கடினத்தின் வர்க்கத்தை ஆழத்தின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும்.

பொசுபோரிக் அமிலக் கரைசலில் மின்னால் மெருகூட்டி மேல்தோலை நீக்குங்கள். இடையில் 25, 50, 100 கிராமிலும் அளவிடுங்கள். குழிகளின் நடுவுக்கு நடு மூன்று மூலைவிட்டமாவது இடைவெளி விடுங்கள்.

களுவாஞ்சிக்குடி லேத்:
இவ்வளவு எதற்கு? வட்டை (வயல்) வேலைக்கு வரும் கலப்பைக் கொழுவை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தே நான் சொல்லிவிடுவேன்.

கல்லடி வாசி:
பதமேற்றிய உருக்குக்கு அது சரி அண்ணா. செம்பை அரம் எப்படியும் வெட்டும், அதில் 52ஐயும் 88ஐயும் எப்படிப் பிரிப்பீர்கள்?

களுவாஞ்சிக்குடி லேத்:
முப்பது வருடக் கை இது. கொழு வளைந்தால் விவசாயி என்னிடம்தான் வருவார், உங்கள் அட்டவணையிடம் போகமாட்டார்.

பழைய ஆய்வாளர்:
ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். பெரிய சுமைக்கு உள்ள விதியைச் சிறியதற்கும் நீட்டிவிட்டேன்.

ஒலுவில் மாணவன்:
மெருகூட்டிய பின் 10 கிராமில் 66. 1 கிலோவில் அதே 52. கோடு நேராக வந்தது. நன்றி அக்கா, அறிக்கை எழுதப் போகிறேன்.